அபிஷேகப் பாலும் எட்டு மணி ஆபரேஷனும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் பழுது அறிக்கை எழுதி எழுதி வந்த பழக்கம் இது.

1. ஒரு செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது வலது மார்பின் வெளிப்பக்கத்தில் ஒரு கட்டி கையில் பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை.

2. பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

3. பன்னிரண்டாம் நாள் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டு, "நாளைக்கே போலாம்" என்றார்.

4. அரசாங்க மருத்துவமனையில் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கில்லை என்று முடிவு வந்தது. கட்டியை முழுதாக எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள்.

5. ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கு வர வேண்டும். எட்டு மணிக்கு அறுவை. மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம்.

6. பதினான்கு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன்.

7. அன்று காலை ஆறே காலுக்குப் பட்டியலின் முதல் அம்சத்தை மீறினேன். மீறிவிட்டேன் என்பது ஏழு ஐம்பது வரை எனக்கே தெரியாது.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தேன். கல்யாணமாகி மலேசியா வந்து இந்தச் சித்திரையோடு ஆறு வருடம் ஆகிறது. கணவர் குணா ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியன். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குடியிருப்பில் என் மாமியாரோடு இருக்கிறோம். மகள் ஷாலினிக்கு ஐந்து வயது நடக்கிறது. நான் சுங்கைவேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பூதக்கண்ணாடி வழியே சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, எங்கே ஈயப் பற்றாசு சரியாக ஒட்டவில்லை என்று சொல்வதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை போர்டு என்பதை விடுங்கள். மாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கண்ணை மூடினாலும் பச்சைப் பலகைகள்தான் தெரியும்.

இரண்டாவது எண்ணுக்கு ஒரு விளக்கம் வேண்டும்.

என் அம்மாவின் அக்கா, கமலா பெரியம்மா, இதே மாதிரி ஒரு கட்டியை ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்து ஒன்றரை வருடம் மறைத்தார். தெரியவந்தபோது புண்ணாகியிருந்தது. கடைசி ஐந்து மாதம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். அம்மாதான் பார்த்துக்கொண்டார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் படிக்கும்போது அறையிலிருந்து டெட்டால் வாசனை வரும். பெரியம்மாமேல் எனக்குப் பெரிய கோபம் இருந்தது. படித்தவர், தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், எப்படி மறைத்தார்?

எனக்கு வந்தபோது பதினோரு நாள் நானும் மறைத்தேன். காரணம் கேட்டால் ஒழுங்காக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வேலை இருந்தது. ஷாலினிக்குக் காய்ச்சல். ஒவ்வொரு நாளும் நாளை சொல்லலாம் என்று இருந்தது. பெரியம்மாமேல் இருந்த கோபம் அந்தப் பதினோரு நாளில் போய்விட்டது.

ஆனாலும் அம்மாவுக்கு எழுதவில்லை. அந்த முன்னறையில் ஐந்து மாதம் கட்டு மாற்றியவருக்கு ஏர்மெயில் கடிதத்தில் என்ன எழுதுவது? முடிவு தெரிந்த பிறகு எழுதலாம், நல்லதாக இருந்தால் எழுதவே தேவையில்லை என்று நினைத்தேன்.

*

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் 'காலையில் வெட்டி மாலையில் அனுப்பும்' ஏற்பாடு புதிதாக இருக்கலாம். எங்கள் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் படுக்கையில் இருந்தார். ஆபரேஷன் என்றால் அது ஓர் ஊர்க் காரியம். ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் முடிந்து நேராகக் கட்டிலுக்கு வருவார்கள். வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்பது சேர்ந்தது. சாத்துக்குடியை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வார்டு முழுவதும் கொடுத்தோம்.

இங்கே அதை 'டே கேர்' என்கிறார்கள். என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. அவர் பந்திங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

"காலைல வெட்டி சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புறானா? அப்ப அது ஆபரேசனே இல்ல."

"ஆபரேஷன்தான் அத்தை. சின்னது."

"சின்னதுன்னா எதுக்கு மயக்க ஊசி? பல்லக்கூட நான் முழிச்சிக்கிட்டே இருக்கும்போதுதான் புடுங்குனான்."

குணா செய்தித்தாளை மடக்காமலே, இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சொன்னார்: "கட்டில் இல்ல லா அம்மா, அதான். ஒருத்தர் எந்திரிச்சாதான் இன்னொருத்தர் படுக்க முடியும்."

"அப்ப அதச் சொல்லு" என்று அத்தை சமாதானமானார்.

பதிவு செய்யப் போன நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வருடத்தில் எனக்கு வந்திருப்பது பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு. மீன் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் போதும். உடம்பைப் பற்றிச் சொல்லப் போதாது. கவுண்டரில் இருந்த பையனிடம் எதற்காக வந்தேன் என்று சொல்ல வார்த்தை இல்லாமல் கையால் காட்டினேன். அவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்தது பெயர். இங்கே நம்மவர்களுக்குப் பெயர், பிறகு 'இன்னாரின் மகள்', பிறகு அப்பா பெயர் என்று எழுத வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முதலில் வந்து ராமையா சாந்தி என்று இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையிலும் அப்படியே. அவன் அதே வரிசையில் எழுதினான். ஆகவே மருத்துவமனைக் கோப்பில் என் அப்பா எனக்கு மகளாகிவிட்டார். திருத்த முடியுமா என்று கேட்டேன். வேறு கட்டிடம், வேறு படிவம், அடையாள அட்டை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் என்றான். விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே யார் "ராமையா!" என்று கூப்பிட்டாலும் நான்தான் எழுந்து போக வேண்டும்.

*

பட்டியலின் பதினான்கையும் எழுதி உங்களைச் சோதிக்க மாட்டேன். யாருக்காவது உதவும் என்பதால் சிலவற்றை மட்டும் தருகிறேன்.

முந்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு வயிற்றுக்குள் எதுவும் போகக் கூடாது. தண்ணீரும் கூடாது. காலையில் பல் தேய்க்கலாம், கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இதுதான் முதல் அம்சம். கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

நகப்பூச்சு கூடாது. மயக்கத்தில் இருக்கும்போது நகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் மூச்சு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணிந்து போக வேண்டும். தலைவழியாகப் போடும் உடுப்பைத் திரும்பி வரும்போது போட முடியாது. இதைத் தொழிற்சாலையில் ஒரு சீனத் தோழி சொன்னாள். மருத்துவமனை கொடுத்த தாளில் இல்லை.

கூட ஒரு பெரியவர் வர வேண்டும். வந்தவர் போய்விடக் கூடாது. குணாவுக்கு அன்று காலை ஷிப்ட். ஷாலினியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், மூன்று மணிக்குத்தான் வர முடியும். எனவே அத்தை.

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். அந்த மின்சாரம் எந்த வழியாகத் திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழற்றிவிடலாம். தாலிச் சங்கிலி? இதை எப்படி அத்தையிடம் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னதும் அவர் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருந்த? நாளைக்கு வெளக்கு வச்சதும் மஞ்ச கெழங்க கயித்துல கட்டி நானே போட்டு விடுறேன். சங்கிலிய அப்பறம் கழட்டு. புதுச கட்டிட்டுத்தான் பழச கழட்டணும், தெரியுதா?"

மாற்று இணைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் பழையதைத் துண்டிப்பது. எனக்கு நன்றாகவே புரிந்தது. மஞ்சள் கயிறு மின்சாரத்தைக் கடத்தாது. பட்டியலில் ஒரு சரி போட்டேன்.

வியாழக்கிழமை மாலைக்குள் பதினான்கில் பதின்மூன்றுக்குச் சரி போட்டாகிவிட்டது. முதல் அம்சம் மட்டும் காலை வரை நடந்துகொண்டிருக்க வேண்டியது.

ஷாலினியிடமும் சொன்னேன். அவளிடம் என் தமிழில் பேசினால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பாட்டியின் தமிழும் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும்தான் அவளுக்குச் சட்டென்று புரியும்.

"அம்மாவுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை."

"வாட் இஸ் தட்?"

"டாக்டர் கொஞ்சம் வெட்டித் தைப்பாங்க."

"கேன் ஐ வாட்ச்?" என்றாள். அழவில்லை. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் இருந்தது.

*

இங்கே ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை டாக்சி பிடிக்கும் முன்பே, "கோயில்ல ஒரு அர்ச்சன வச்சிட்டுப் போயிரலாம். அஞ்சு நிமிசம்" என்றார். நேரம் இருந்தது. பட்டியலிலும் அதற்குத் தடையில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் அம்மனுக்கு அபிஷேகம் அப்போதுதான் முடிந்திருந்தது. குருக்கள் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தார். தீபாராதனை காட்டினார். குங்குமம் கொடுத்தார். பிறகு சிறிய செம்பிலிருந்து அபிஷேகப் பாலை ஊற்றினார். வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அடியில் வைத்து வாங்கி, மூன்று முறை குடித்து, ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டேன். இலைத்துண்டில் பஞ்சாமிர்தம் கொடுத்தார். அதையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

இதை எப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். மறந்து செய்தேன் என்று சொல்ல முடியாது. முதல் அம்சம் நன்றாக நினைவிருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினேன். ஆனால் பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் என் புத்தி சேர்க்கவே இல்லை. விரத நாளில்கூட வாங்கிக்கொள்வதுதானே. செம்பை நீட்டினார்கள், கை நீட்டினேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். டிப்ளமா மூன்று வருடம்தான்.

மருத்துவமனையில் எல்லாம் வரிசைப்படி நடந்தது. கூட்டம் என்றாலும் சத்தம் இல்லை. குளிர் அதிகம், காலுக்கு உறை கொண்டுபோங்கள். பின்பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கி கொடுத்தார்கள். மணிக்கட்டில் ராமையா என்று பெயர்ப்பட்டை கட்டினார்கள். ஒரே கேள்விகளை நான்கு பேர் கேட்பார்கள். பெயர் என்ன, எந்தப் பக்கம், மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். நான்கு முறையும் அலுக்காமல் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பதற்கான ஏற்பாடு.

இங்கே நர்ஸை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். எனக்கு வாய்த்தவர் கிள்ளானைச் சேர்ந்த தமிழ் மிஸ்ஸி. நாற்பது வயது இருக்கும். கழுத்தைப் பார்த்தார்.

"நக?"

"இல்லை. கயிறு மட்டும்."

"கயிறுதானே, ஓகே லா. கடேசியா எப்ப சாப்ட்டீங்க தங்கச்சி?"

"நேற்று ராத்திரி பத்து மணி."

"தண்ணி?"

"அதுவும் பத்து மணி."

எழுதிக்கொண்டு போனார். நானும் அத்தையும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே இருந்தார். ஏழு ஐம்பதுக்கு என் நாக்கு கடைவாய்ப் பல்லிடுக்கில் எதையோ தேடிப் பிடித்தது. கடித்தேன். ஏலக்காய் விதை.

பிறகு அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அத்தை, நான் பால் குடித்துவிட்டேன்."

"எப்ப?"

"கோயில்ல."

அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். என் பக்கம் நகர்ந்து, "சொல்லாத" என்றார்.

"அத்தை..."

"சொல்லாத சாந்தி. மூணு மடக்கு. சாமி பாலு. சொன்னேன்னா இன்னிக்கு இல்ல, போயிட்டு வான்னுருவான். இன்னும் அஞ்சு வாரம் அத ஒடம்புல வச்சிக்கிட்டு நீ வேலைக்குப் போறதையும் சோறாக்குறதையும் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. ராத்திரியில நீ கைய வச்சி வச்சிப் பாக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் சொன்ன ஐந்து வாரத்தைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். கெட்ட கட்டியாக இருந்தால் ஐந்து வாரத்தில் எவ்வளவு வளரும்? மூன்று மடக்கு எவ்வளவு இருக்கும், முப்பது மில்லி? நாற்பது? பஞ்சாமிர்தம் ஒரு தேக்கரண்டி. ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். தொழிற்சாலையில் ஒரு பெண் போர்டு ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, துடைத்து, மறுபடி வரிசையில் வைத்துவிட்டதும் நினைவுக்கு வந்தது. வெளியே கீறலில்லை. அவளும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள்.

"என்ன ஆகும், சொல்லு பாப்போம்" என்றார் அத்தை. "பாலு என்னா பண்ணும்?"

"மயக்கத்துல வாந்தி வந்தா நமக்குத் தெரியாது. நெஞ்சுக்குள்ள போயிடும். மூச்சு அடைச்சிக்கும்."

"செத்துருவாங்களா?"

"எப்பவாவது."

டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். சொல்வதற்கா, அல்லது நேரம் கடத்துவதற்கா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே இருந்தவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். "ராமையா!" என்று கூப்பிட்டார்கள்.

எனக்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டார்.

"மிஸ்ஸி, இங்க வாங்க. எம் மருமக பாலு குடிச்சிட்டா. கோயில்ல. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவளத் திட்டாதீங்க."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க!"

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"அபிஷேகப் பாலா?"

"ஆமாம். பஞ்சாமிர்தமும்."

மிஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போன மாசம் ஒரு அங்கிள், விபூதிய அள்ளி வாயில போட்டுக்கிட்டு வந்து, 'ஒண்ணுமே சாப்புடல மிஸ்ஸி'ன்னாரு. ஒதடெல்லாம் வெள்ளையா இருக்கு. நம்ம ஆளுங்ககிட்ட, சாப்ட்டீங்களான்னு கேட்டா பத்தாது. கோயிலுக்குப் போனீங்களான்னு தனியா கேக்கணும் போல."

ஆகவே, இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஆபரேஷன் இருந்தால், கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். தீர்த்தம், பால், பிரசாதம், விபூதி எதையும் வாயில் போடாதீர்கள். பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு பிறகு சாப்பிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

*

மயக்க மருந்து கொடுக்கும் சீன டாக்டர் வெளியே வந்து, "ஹவ் மச் மில்க்?" என்று கேட்டார். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். "த்ரீ டைம்ஸ்." அவர் கோபப்படவில்லை. பால் என்றால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பகல் நேரத் தியேட்டரை மூடிவிடுவோம் என்றார். இன்று முழு மயக்கம் கொடுக்க முடியாது.

அறுவை செய்யும் டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். இரண்டு வழி சொன்னார். ஒன்று, போய்விட்டு ஐந்தாறு வாரம் கழித்து வருவது. இன்னொன்று, அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே எடுப்பது. கட்டி கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது, வலிக்கலாம், அசையாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன். உண்மையில் முடியுமா என்று தெரியாது.

என்னை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். மூன்றரை மணி நேரம் அந்தக் குளிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தையும் பக்கத்திலேயே இருந்தார். காலையிலிருந்து தேநீர்கூடக் குடிக்காதவர். கேன்டீனுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு உள்ளே போனேன். முகத்துக்கும் மார்புக்கும் நடுவில் துணியால் ஒரு திரை கட்டினார்கள். தொடையில் குளிர்ந்த தகடு ஒன்றை ஒட்டினார்கள். மின்சாரம் திரும்பிப் போவதற்கு அது என்று தெரிந்திருந்தது கொஞ்சம் உதவியாக இருந்தது. முதல் ஊசி வலித்தது. பிறகு வலி இல்லை, ஆனால் இழுப்பது தெரியும். துணி தைப்பவர் நாம் போட்டிருக்கும் சட்டையோடு நம்மை இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆழத்தில் ஓரிடத்தில் நன்றாகவே வலித்தது. கூரையில் இருந்த பலகைகளின் துளைகளை எண்ணினேன். சுடும் கருவி இயங்கும்போது ஒரு சின்ன ரீங்காரமும் ஒரு வாசனையும் வரும். அந்த வாசனையை விவரிக்க விரும்பவில்லை. எங்கள் தொழிற்சாலையில் பற்றாசு உருகும் வாசனை என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

"ஓகே, ஆல்மோஸ்ட் டன்" என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைதான் முடிந்தது.

"நான் பார்க்கலாமா?" என்றேன்.

மிஸ்ஸி திரைக்கு மேலே ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். வெளிறிய மஞ்சள் நிறம், கொண்டைக்கடலையைவிடப் பெரிது. நான் லேபிளைத்தான் முதலில் படித்தேன். ராமையா என்று இருந்தது. எண்ணை மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"படுத்துக்கிட்டே வேல பாக்குறாங்க பாரு" என்றார் மிஸ்ஸி.

வெளியே கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒரு கோப்பை மைலோவும் நான்கு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இரண்டு பிஸ்கட்டை அத்தை கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலிச்சிச்சா?"

"கொஞ்சம்."

"என்னாலதான."

"மிஸ்ஸிகிட்ட நீங்கதான் சொன்னீங்க அத்தை. நான் எந்திரிக்கவே இல்லை."

பிஸ்கட்டை மைலோவில் நனைத்துச் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு குணா வந்தபோது இருவரும் தூங்கிக்கொண்டிருந்தோம் என்று அவர் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தது தெளியத் தெளிய வலி வரும். வரும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தலை வார முடியாது. வார்டு இல்லை, மணி அடித்தால் வர நர்ஸ் இல்லை, ஹார்லிக்ஸோடு யாரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் ஆபரேஷன் செய்துகொண்டதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஷாலினி பள்ளியிலிருந்து வந்து கட்டைப் பார்த்தாள். சட்டைக்கு மேலே மெல்லத் தடவி, "சாயாங், சாயாங்" என்றாள். பிள்ளைகளுக்கு அடிபட்டால் அவள் டீச்சர் கொஞ்சிச் சொல்லும் மலாய் வார்த்தை. அதற்கு நம் பேச்சில் என்ன சொல்வோம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். அலுப்பாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

*

இரண்டு வாரம் கழித்து முடிவு சொன்னார்கள். புற்று இல்லை. டாக்டர் அதை முதலில் சொன்னார், அதற்காக அவருக்கு நன்றி. பிறகு, கட்டியின் ஓரத்தில் சில செல்கள் வழக்கமாக இருக்க வேண்டிய மாதிரி இல்லை என்றார். இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், விடக் கூடாது.

"குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?"

"அம்மாவின் அக்காவுக்கு."

"எந்த வயதில் வந்தது? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? பாட்டிக்கோ மற்றவர்களுக்கோ?"

எனக்குத் தெரியவில்லை. டெட்டால் வாசனை வந்த அறைக்குள் என்னை அதிகம் விட்டதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் ஒருவர்தான். கேட்டுக்கொண்டு வாருங்கள், எங்களுக்கு அது முக்கியம் என்று கோப்பில் குறித்துக்கொண்டார் டாக்டர். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று அம்மா கேட்பார். போனில் கேட்கலாம் என்றால், பக்கத்து வீட்டுக்கு டிரங்கால் போட்டு அவரை வரவழைத்து மூன்று நிமிடத்தில் பேசும் விஷயமில்லை இது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். முதலில் எண் போட்டு எழுதிப் பார்த்தேன். அம்மாவுக்கு அப்படி எழுதக் கூடாது என்று கிழித்துவிட்டு, சாதாரணமாக எழுதினேன். பதினோரு நாள் மறைத்ததையும் எழுதினேன்.

இப்போதைய நிலை இது. தையல் பிரித்தாகிவிட்டது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் இழுக்கிறது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த சோதனை ஐப்பசியில். அம்மாவுக்குக் கடிதம் போட்டு இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.